பாடம் நடத்தியே ஒரு துறையை மாற்றியவர்: பேராசிரியர் லின் கான்வே



மின்பொறியியல், கணினிப் பொறியியல் துறைப் பேராசிரியர் ஒருவரின் கல்வி வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். யாரை எடுத்துக்கொள்வது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் 1998 வரை பேராசிரியராக இருந்த லின் கான்வே பற்றித்தான் பேசப் போகிறேன். 2024 ஜூன் மாதம், தம் 86ஆம் வயதில் அவர் காலமானார்.

உங்களில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் வி.எல்.எஸ்.ஐ. என்னும் சிப் வடிவமைப்புத் தாளுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் அவருடைய மாணவர்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் பென்சில்களை எடுத்துப் போய்த் தேர்வில் ‘ஸ்டிக் டயகிராம்’ வரைகிறீர்கள். பச்சைக் கோட்டைச் சிவப்புக் கோடு வெட்டும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் பிறக்கிறது. நீலக் கோடு உலோகக் கம்பி. கோட்டின் அகலம் 2 லாம்டா, உலோகக் கம்பியின் அகலம் 3 லாம்டா என்று மனப்பாடம் செய்கிறீர்கள். இந்தப் பாடத்தை உலகமெங்கும் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்த புத்தகம் ஒன்று உண்டு. கார்வர் மீட், லின் கான்வே இருவரும் எழுதிய ‘இன்ட்ரொடக்ஷன் டு வி.எல்.எஸ்.ஐ. சிஸ்டம்ஸ்’. அந்த லாம்டா விதிகளை வகுத்தவர் கான்வே.

அந்த விதிகள் என்ன சாதித்தன என்பதைப் புரிந்துகொள்ள, 1970களின் நடுவில் சிப் வடிவமைப்பு எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு கணினியின் கட்டமைப்பைச் சிந்திப்பவர் ஒருவர். அதை லாஜிக்காக மாற்றுபவர் இன்னொருவர். சர்க்யூட் போடுபவர் வேறு ஆள். கடைசியில் சிலிக்கான்மீது எந்தப் படலம் எங்கே வர வேண்டும் என்று லேஅவுட் வரைபவர் வேறு ஆள். ஒருவர் வேலை அடுத்தவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி வடிவமைப்பு விதிகள், அவையெல்லாம் மைக்ரான் கணக்கில் பக்கம் பக்கமாக இருக்கும், வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். தொழில்நுட்பம் மாறினால் விதிப்புத்தகமும் மாறும், பழைய வரைபடம் பயன்படாது. கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை தானே ஒரு சிப்பை வடிவமைப்பது என்பது பெரும்பாலும் நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

கான்வே அந்த விதிகளின் காட்டை ஒரே ஒரு அளவுக்குள் கொண்டுவந்தார். அந்த அளவுக்கு லாம்டா என்று பெயர். மிக மெல்லிய கோடு 2 லாம்டா. இரண்டு கோடுகளுக்கு இடையே இத்தனை லாம்டா இடைவெளி. டிரான்சிஸ்டரின் கேட் பச்சைப் பகுதியைத் தாண்டி 2 லாம்டா நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். அன்று ஒரு லாம்டா சுமார் 3 மைக்ரான். நாளை தொழில்நுட்பம் சிறுத்தால் லாம்டாவின் மதிப்பு மட்டும் குறையும். வரைந்த வடிவம் அப்படியே நிற்கும். விதிகள் இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டன. கணினி தெரிந்த ஒரு மாணவர் சில வாரங்களில் கற்றுக்கொண்டு வரையத் தொடங்கலாம்.

தொழில் நிபுணர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. தாராளமான இடைவெளி விடுவதால் சிலிக்கானில் இடம் வீணாகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. கடைசித் துளி இடத்தையும் பிழிந்தெடுக்கும் வேலைக்கு லாம்டா விதி ஏற்றதல்ல. இன்றைய சில நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு அது அப்படியே பொருந்தாது என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுத்து ஆயிரக்கணக்கான புதிய வடிவமைப்பாளர்களை உள்ளே அழைத்துவந்தார் கான்வே. ஒரு ஆசிரியருக்கே தோன்றக்கூடிய கணக்கு அது.

அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பது வலி நிறைந்த கதை. அதைச் சொல்லாமல் அவருடைய பணியைப் பேச முடியாது.

1938இல் நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் வெர்னனில் பிறந்தவர். பிறப்பில் ஆண் குழந்தை என்று பதிவு செய்யப்பட்டார். தான் பெண் என்பதைச் சிறு வயதிலிருந்தே உணர்ந்திருந்தார். எம்.ஐ.டி.யில் சேர்ந்து, மனப் போராட்டத்தில் படிப்பை முடிக்காமல் வெளியேறினார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1962இல் இளநிலை, 1963இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1964இல் ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. அங்கே மிக வேகமான கணினி ஒன்றை உருவாக்கும் ரகசியத் திட்டத்தில் இடம் கிடைத்தது. கட்டளைகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றாமல், எது தயாராக இருக்கிறதோ அதை முதலில் அனுப்பும் முறை ஒன்றை அங்கே அவர் கண்டுபிடித்தார். தரவுக்காகக் காத்திருக்கும் கட்டளை ஓரமாக நிற்கும். தயாரான கட்டளை முந்திக்கொண்டு போகும். இந்த எண்ணம் இல்லாத உயர்வேகச் செயலி இன்று கிடையாது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

1968இல், பெண்ணாக மாறும் சிகிச்சையை அவர் தொடங்கியது தெரிந்ததும் நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. குடும்பம் சிதறியது. இரண்டு பெண் குழந்தைகளைப் பல ஆண்டுகள் அவரால் பார்க்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து, புதிய பெயரோடு, லின் கான்வே என்ற பெண்ணாக அவர் வேலை தேடியபோது, ஐ.பி.எம்.மில் செய்த சாதனை எதையும் வாய் திறந்து சொல்ல முடியாத நிலை. சொன்னால் அடையாளம் வெளிப்படும், வேலை போகும். சாதாரண ஒப்பந்த நிரலராக, அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார். மெமோரெக்ஸ் நிறுவனத்தில் சில ஆண்டுகள். 1973இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையம்.

அந்த மையத்தில் அவருடைய மேலாளர் பெர்ட் சதர்லேண்ட். அவருடைய தம்பி ஐவன் சதர்லேண்ட் கால்டெக்கில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார். அதே கால்டெக்கில்தான் கார்வர் மீட் சிப் வடிவமைப்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு இடங்களும் 1976இல் கைகோத்தன. குறைக்கடத்திகளின் இயற்பியல் மீடுக்குத் தெரியும். பெரிய கணினி அமைப்புகளை எப்படிப் பகுத்துக் கட்டுவது என்பது கான்வேக்குத் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்த இடத்தில் புத்தகம் பிறந்தது.

அந்தப் புத்தகம் எழுதப்பட்ட முறையை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எழுதி முடித்துப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. ஜெராக்ஸ் மையத்தில் அன்றைக்கே தனிநபர் கணினிகளும் லேசர் அச்சுப்பொறிகளும் இருந்தன. முதல் சில அத்தியாயங்களை 1977இல் அங்கேயே அச்சடித்து, கால்டெக்கிலும் பெர்க்லியிலும் வகுப்பில் கொடுத்தார்கள். மாணவர்கள் எங்கே தடுமாறினார்களோ அந்த இடம் திருத்தப்பட்டது. அடுத்த பருவத்தில் இன்னும் சில அத்தியாயங்கள், இன்னும் சில பல்கலைக்கழகங்கள். வகுப்பு வகுப்பாகப் போய்த் திரும்பி வந்து பிழை களையப்பட்ட நூல் அது. 1980ஆம் ஆண்டின் பதிப்பாக அச்சில் வந்தபோது, அதிலிருந்த ஒவ்வொரு பக்கமும் ஏதோ ஒரு மாணவரின் மேசையில் சோதிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதைப் பாடநூலாக ஏற்றன.

இதற்கெல்லாம் ஒரு முன்னோடி தமக்கு இருந்ததாகக் கான்வே பின்னாளில் எழுதியிருக்கிறார். சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளுக்குக் கலப்பெண்களைப் பயன்படுத்தும் முறையை 1893இல் அறிவித்தவர்; யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராகவும் இருந்தவர். முதலாண்டில் நாம் போடும் ‘ஜே’ கணக்கெல்லாம் அவர் காட்டிய வழி. வகைக்கெழுச் சமன்பாடுகளோடு சிலர் மட்டுமே மல்லாடிக்கொண்டிருந்த துறையை, சாதாரணப் பொறியாளரும் கையாளக்கூடிய கணக்காக்கி, பாடநூல்கள் மூலம் பரப்பினார் அவர். சிப் வடிவமைப்புக்கும் அதைச் செய்ய முடியும் என்று கான்வே நம்பினார்.

இப்போது 1978க்கு வருகிறேன். பாஸ்டன் அருகே எம்.ஐ.டி. அந்த இலையுதிர் பருவத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்து இந்தப் பாடத்தை நடத்தும்படி கான்வேக்கு அழைப்பு. இளமையில் பட்டம் பெறாமல் வெளியேறிய அதே கல்வி நிலையம். கூச்ச சுபாவம் உள்ளவர். மேடையில் பேசுவதென்றாலே அஞ்சுபவர். தன் கடந்தகாலம் எங்கே வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். பெர்ட் சதர்லேண்ட்தான் வற்புறுத்தி அனுப்பினார். கலிபோர்னியாவிலிருந்து நாட்டின் மறுகோடிக்குக் காரை ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பேச்சு தடைப்பட்டாலும் பாடம் தடைப்படக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் என்ன சொல்வது, எந்தப் படத்தைப் போடுவது என்பதையெல்லாம் கைப்பட விரிவாக எழுதி வைத்துக்கொண்டார். அந்தக் கையெழுத்துக் குறிப்புகள் பிறகு மற்ற பல்கலைக்கழகங்களுக்குப் போயின. அவற்றை வைத்துக்கொண்டு, சிப் வடிவமைத்தே அறியாத ஆசிரியர்கள்கூடத் தங்கள் ஊரில் இந்தப் பாடத்தை நடத்தினார்கள். ஒருவருடைய மேடைப் பயம் ஒரு துறைக்கே நூலகமாக மாறியது.

பருவத்தின் முதல் பாதியில் பாடம். இரண்டாம் பாதியில் மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு சிப்பை வடிவமைக்க வேண்டும். அதுவரை பெரும்பாலான வகுப்புகளில் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். கான்வே, உண்மையிலேயே செய்து தருகிறேன் என்று மாணவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். எல்லா வடிவங்களையும் ஒரே சிலிக்கானில் அடுக்கினால் செலவு பகிர்ந்துகொள்ளப்படும் அல்லவா? மாணவர்களின் வடிவக் கோப்புகள் இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட் வழியாகக் கலிபோர்னியாவுக்குப் போயின. ஜெராக்ஸில் நண்பர்கள் அவற்றை ஒன்றாக இணைத்தார்கள். வெளி நிறுவனம் ஒன்று மாஸ்க் செய்தது. ஹியூலெட் பேக்கார்டின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாட் காஸ்ட்ரோ என்ற பெண்மணியின் குழு வேஃபர் என்னும் சிலிக்கான் வில்லையில் வார்த்தது. 1979 ஜனவரியில் மாணவர்கள் கைக்குத் தாங்கள் வரைந்த சிப் வந்து சேர்ந்தது. அந்த வகுப்பில் இருந்த கய் ஸ்டீல் என்ற மாணவர், லிஸ்ப் மொழியை நேரடியாக இயக்கும் நுண்செயலியையே வடிவமைத்திருந்தார். ஒரே பருவத்தில், ஒரு மாணவர். தொழில்துறை அந்தச் செய்தியை நம்பச் சிரமப்பட்டது.

கான்வே அங்கே நிற்கவில்லை. ஒரு கல்லூரிக்குச் செய்ததை எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தால் என்ன என்று கேட்டார். 1979இல் அதைச் செய்தும் காட்டினார். 12 பல்கலைக்கழகங்கள், 124 வடிவமைப்பாளர்கள், 82 வடிவங்கள். கடைசித் தேதி எது, கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும், எத்தனை இடம் கிடைக்கும் என்று ஆர்ப்பாநெட்டில் அறிவிப்புகள் போய்க்கொண்டிருந்தன. கோப்பு வந்தால் கணினியே சரிபார்த்துப் பிழையிருந்தால் திருப்பி அனுப்பும். டிசம்பர் தொடக்கத்தில் வாயில் மூடப்பட்டது. 29 நாட்களில் சிப்புகள் தயாராகி, எந்தக் காலுக்கு எந்தக் கம்பி என்ற வரைபடத்தோடு வடிவமைத்தவர்களுக்கே அனுப்பி வைக்கப்பட்டன. முகம் தெரியாத பலருடைய வடிவங்கள் ஒரே வேஃபரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன. ஸ்டான்போர்டிலிருந்து ஜிம் கிளார்க் அனுப்பிய வரைகலைச் சிப்பின் முதல் வடிவமும் அதில் இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம்.

1981இல் இந்தச் சேவை தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நிறுவனம் ஒன்றுக்கு மாறி, மோசிஸ் என்ற பெயரில் நிலைபெற்றது. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனும் கார்லோ செகினும் தங்கள் மாணவர்களோடு ரிஸ்க் செயலியை உருவாக்கியதும், ஸ்டான்போர்டில் ஜான் ஹென்னெசியின் குழு மிப்ஸ் செயலியைச் செய்ததும் இந்த மண்ணில் முளைத்தவை. பெர்க்லியின் அந்த வரிசையில் ஐந்தாவது தலைமுறைதான் ரிஸ்க்-ஃபைவ். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலி ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே 1978இன் அந்த வகுப்பறைக்கும் அடையாற்றுக்கும் நேரடி உறவு உண்டு.

1983இல் கான்வே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்ப்பாவுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் கணினித் திட்டம் ஒன்றை வகுத்தார். 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை மின்பொறியியல், கணினி அறிவியல் பேராசிரியராகவும் பொறியியல் கல்லூரியின் இணை முதல்வராகவும் நியமித்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. முதுநிலைப் பட்டத்தோடு படிப்பை நிறுத்தியவர். கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்தோ, பட்டத்தைப் பார்த்தோ மிச்சிகன் அவரை அழைக்கவில்லை. அவருடைய பாடத்தைப் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து அழைத்தது. நம் நாட்டுத் தேர்வுக் குழுக்களில் இப்படி ஒரு முடிவு எடுக்க முடியுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பதவி உயர்வுப் படிவத்தில் கட்டுரைக்கு மதிப்பெண் இருக்கிறது, மாநாட்டுக்கு மதிப்பெண் இருக்கிறது. மற்ற ஆசிரியர்கள் எடுத்து நடத்தக்கூடிய ஒரு நல்ல பாடத்தை எழுதியவருக்கு என்ன இருக்கிறது? இந்தக் குறை என்னை நெடுநாளாக வருத்துகிறது.

மிச்சிகனில் இருந்தவரை அவருடைய பழைய வாழ்க்கை பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 1990களின் இறுதியில், கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் மார்க் ஸ்மாதர்மேன், ஐ.பி.எம்.மின் அந்தப் பழைய ரகசியத் திட்டத்தின் வரலாற்றைத் தேடத் தொடங்கினார். முக்கியமான ஒரு கண்டுபிடிப்பைச் செய்தவர் யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருந்த காகிதங்களோடு கான்வே முன்வந்தார். ஓய்வு பெற்ற பிறகு, தாம் யார் என்பதையும் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் தம்மைப் போன்றவர்களுக்காகப் பேசினார், எழுதினார். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐ.இ.இ.இ.யின் நெறிமுறை விதிகளில் பாலின அடையாளத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்ற வரி சேர அவருடைய முயற்சியும் காரணம். 2020இல், 52 ஆண்டுகள் கழித்து, ஐ.பி.எம். அவரிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டது.

விருதுகளின் பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. அமெரிக்காவின் தேசியப் பொறியியல் கழக உறுப்பினர் ஆனார், ஐ.இ.இ.இ.யின் முன்னோடி விருது 2009இல் வந்தது. ஆனால் மீட்–கான்வே முறை என்று இருவர் பெயரிலும் வழங்கும் பணிக்குப் பெரிய தேசிய விருதுகள் வந்தபோது பெரும்பாலும் ஒருவருக்கே வந்தன. புத்தகத்தில் கான்வே ஏதோ உதவியாளராக இருந்தார் என்று நினைத்தவர்கள் பலர். அது அநீதி. மீட் பெரிய விஞ்ஞானி, அதில் ஐயமில்லை. ஆனால் விதிகளைச் சுருக்கியவர், பாடத்தைக் கட்டியவர், சிப்பை மாணவர் கையில் கொடுத்தவர் கான்வே. பாடம் சொல்லிக்கொடுப்பதை ஆராய்ச்சியைவிட ஒரு படி கீழாகப் பார்க்கும் வழக்கமும், அதைச் செய்தவர் பெண் என்பதும் சேர்ந்தே அவரை மறைத்தன என்பது என் கருத்து.

நம் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008இலேயே அமைக்கப்பட்டது. அதில் நாம் நாட்டுக்கே முன்னோடி. ஆனால் நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் எத்தனை திருநங்கையர் ஆசிரியராக நிற்கிறார்கள்? கான்வேயை அன்று துரத்திய நிறுவனம் எதை இழந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. நாம் இன்று யாரை வாசலிலேயே நிறுத்துகிறோம் என்று துறைத் தலைவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கான்வே 1979இல் படாத பாடுபட்டுக் கட்டிய வசதி இன்று நமக்கு வாயிலிலேயே இருக்கிறது. இந்திய அரசின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களின் வடிவங்கள் பெங்களூரு சி-டாக்கில் ஒன்று சேர்க்கப்பட்டு, மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் வார்க்கப்படுகின்றன. மாணவர் கைக்குச் சிப் திரும்பி வந்துமிருக்கிறது. ஸ்கைவாட்டர் ஆலையின் 130 நானோமீட்டர் விதிகள் 2020 முதல் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளன. பெர்க்லியில் 1980களில் லாம்டா அளவை வைத்தே எழுதப்பட்ட ‘மேஜிக்’ மென்பொருள் இன்றும் உங்கள் ஆய்வகக் கணினியில் ஓடும். காசு தர வேண்டியதில்லை. வரும் பருவத்தில் உங்கள் மாணவர்களின் வடிவம் ஒன்றையாவது சிப்பாக்க அனுப்புங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் பாடக் குறிப்புகளை மற்றக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். மாணவர்களே, உங்கள் ஆசிரியர் மறந்தால் நீங்கள் போய்க் கேளுங்கள்.